எட்டு மணிக்கு மேல்

ஷட்டரில் நானே பெயின்ட்டால் எழுதியது:
இரவு எட்டு மணிக்கு மேல் அழைக்க வேண்டாம்.
அதன் கீழே பௌலின் சாக்பீஸால் சேர்த்தது:
அழைத்தால் முந்நூறு கூடுதல்.
மழைக்கு என் வரி நிற்கிறது,
அவள் வரி அழிந்துபோகிறது,
அவளும் விடாமல் எழுதுகிறாள்.

நீடாமங்கலத்தில் எட்டு மணிக்கு மேல்தான்
எல்லாவற்றுக்கும் உயிர் போகிறது.
மாவு பாதி அரைபட்ட கிரைண்டர்,
விடிந்தால் வளைகாப்பு என்ற வீட்டு மிக்சி,
நான்கு கிலோ கொடுவாயோடு நின்றுபோன ஃபிரிட்ஜ்.
"ஒரு நிமிஷ வேலைதாண்ணே" என்பார்கள்.
அந்த ஒரு நிமிஷம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று
தேடத்தான் எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது.

நேற்று ஒன்பது நாற்பதுக்குத் திரையில் வந்த பெயர்
பக்கிரிசாமி முன்னாவல்கோட்டை.
எடுக்கவில்லை.
பகல் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.
போன குறுவையில், த்ரீ ஃபேஸ் வந்த நேரம் பார்த்து
ஸ்டார்ட்டர் புகைகிறது என்று பன்னிரண்டு மணிக்கு இழுத்தார்.
போர் செட்டில் டார்ச் பிடித்தார், டீ கொடுத்தார்,
கூலி என்றதும் அறுவடை என்றார்.
அறுவடை ஆனது.
கொள்முதல் நிலையத்தில் மூட்டை நனைந்துபோச்சு என்றார்.
அந்த நானூற்றைம்பது ரூபாய்
என் நோட்டில் இன்னும் ஈரமாகவே இருக்கிறது.

இரண்டாம் முறையும் அடித்து ஓய்ந்தது.
சோற்றில் மோர் ஊற்றியிருந்தேன்.
மூன்றாம் முறை இடது கையால் எடுத்து,
எதிரே பேச இடம் கொடுக்காமல்
"ஐயா, கடை மூடியாச்சு, காலையில" என்றேன்.

"அப்பா இல்லண்ணே, தையல்நாயகி பேசுறேன்.
அப்பா சாயங்காலம் தவறிட்டாங்க.
பெட்டி குளிர மாட்டேங்குது.
தம்பி சார்ஜாவுலேர்ந்து நாளன்னைக்குத்தான் வர்றான்.
பெட்டிக்காரரு போனை எடுக்கவே மாட்டேங்குறாரு."

பெட்டிக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரயில்வே கேட்டைப் போட்டிருந்தான்.
நெல் ஏற்றிய கூட்ஸ்
கொஞ்சம் முன்னே போனது, கொஞ்சம் பின்னே வந்தது.
இருபத்தைந்து நிமிஷம்.
மூன்று தவறிய அழைப்பு இல்லை, இரண்டுதான் என்று
எனக்கே எதற்கோ கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பந்தலில் நாற்காலிகள் விலகி வழி விட்டன,
டாக்டருக்கு விலகுவதுபோல்.
பிளக்கைப் பிடுங்கி, பின்பக்கத் தகட்டைக் கழற்றினால்
மாலையிலிருந்து நழுவிய வாழை நார்
ஃபேனில் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது,
சூட்டில் வெந்த சம்பங்கியோடு.
கட்டரால் துண்டு துண்டாய் எடுத்தேன்.
ஒரு பையன் செல்போன் வெளிச்சம் காட்டினான்.
என் கை இருக்கும் இடத்தில் அது விழவே இல்லை.
டார்ச் பிடிக்கத் தெரிந்தவர்
உள்ளே படுத்திருந்தார்.

கம்ப்ரெஸர் முனகி எழுந்தபோது
அழுகை ஒரு நொடி நின்று, மறுபடி தொடங்கியது.
பதினெட்டு நாலாக இறங்கும்வரை
சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
வேறெங்கும் பார்க்காமல் இருக்க அது வசதி.

மருமகன் சட்டைப் பைக்குள் கை விட்டார்.
முந்நூறு என்றேன். வாங்கிக்கொண்டேன்.
வாங்காமல் வந்திருந்தால்
சொல்வதற்கு நன்றாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது வழக்கமாகச் சொல்வது:
"மறுபடி ஏதாவதுன்னா கூப்பிடுங்க, வர்றேன்."
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
சாவு வீட்டில்
அதில் ஒரு சொல்லையும் சொல்லக்கூடாது.
பையின் ஜிப்பை இழுத்தேன்.
அந்தச் சத்தத்தோடு நடந்தேன்.

கொல்லையில் பௌலின் வாளி நிரப்பி வைத்திருந்தாள்.
தலைக்குச் சோப்பு போடும்போது போன் அடித்தது.
"மணி என்ன ஆகுது, போர்டைப் பார்க்கலையா..."
அவள் தொடங்கிவிட்டாள்.
கண்ணைத் திறக்க முடியாமல்
நுரைக்குள்ளிருந்து கத்தினேன்:
"எந்த ஊருன்னு கேளு."